டிஜிட்டல் ரூபாய் முதலில் ரொக்கமாகட்டும்

பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாயை இந்திய ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று மும்பை, புதுடெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர் ஆகிய நான்கு நகரங்களில் வெள்ளோட்டம் விட்டது. பாரத ஸ்டேட் வங்கி உள்ளிட்ட நான்கு வங்கிகளுடன் தொடங்கிய திட்டம், பிறகு படிப்படியாகப் பதினேழு வங்கிகளுக்கு விரிந்தது. 2025 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் அதற்கான பணப்பையைக் கைபேசியில் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் ரூபாயின் மதிப்பு சுமார் 1,016 கோடி. ரூபாய் நோட்டுகளின் மதிப்போ 36.86 லட்சம் கோடி. நூறு ரூபாய் நோட்டுக்கு மூன்று காசு என்ற கணக்கில்கூட டிஜிட்டல் ரூபாய் புழங்கவில்லை. மக்களுக்கு விவரம் தெரியவில்லை, விளம்பரம் போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தங்கள் பணத்தைப் பொறுத்தவரை மக்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஏற்கெனவே கையில் இருப்பதைவிடக் கூடுதலாக எதையும் தராத ஒரு பணத்தை அவர்கள் எடுத்துப் பார்த்து ஒதுக்கியிருக்கிறார்கள். ரொக்கத்துக்கு உள்ள குணங்கள் வராதவரை டிஜிட்டல் ரூபாய் மக்களிடம் ஒட்டாது. அந்தக் குணங்களைக் கொடுக்காமல் சலுகையாலும் கட்டாயத்தாலும் அதைப் புகுத்த முயன்றால், சுமை ஏழைகளின் தலையில்தான் விழும்.

2023 இறுதியில் நடந்ததைப் பார்த்தாலே இது விளங்கும். ஆண்டு முடிவதற்குள் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பரிவர்த்தனைகள் என்று ரிசர்வ் வங்கி இலக்கு வைத்தது. டிசம்பரில் இலக்கு எட்டப்பட்டது. எப்படி? வங்கிகள் தங்கள் ஊழியர்களுக்குத் தரவேண்டிய படிகளையும் சலுகைத் தொகைகளையும் டிஜிட்டல் ரூபாயாகப் பணப்பையில் போட்டன. பெற்றவர்கள் செலவழித்தார்கள், எண்ணிக்கை ஏறியது. தூண்டுதல் குறைந்ததும், 2024 நடுவில், நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் என்ற அளவுக்கு அது சரிந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. இதோடு யுபிஐயை வைத்துப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் மட்டும் யுபிஐ வழியே 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. நாளொன்றுக்கு 64 கோடிக்கு மேல். ஊழியர் படியைக் கொண்டு தூக்கிப் பிடித்த எண்ணிக்கை மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் ஆகாது. அந்த இலக்கை அறிவிக்காமலே இருந்திருந்தால், மக்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியை அப்போதே நேராகக் கேட்டிருக்க முடியும்.

இப்படிச் சொல்வதால் டிஜிட்டல் ரூபாயே வீண் என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். அதற்கு ஆதாரமான எண்ணம் வலுவானது. நாம் 'ஜிபே' செய்யும்போது கைமாறுவது ரிசர்வ் வங்கியின் பணம் இல்லை; நம் வங்கி நமக்குத் தரவேண்டிய கடனில் ஒரு பகுதிதான் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் வரவாக ஏறுகிறது. வங்கி நன்றாக இருக்கும்வரை இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படுவதில்லை. 2020 மார்ச் 5 அன்று அது பளிச்சென்று தெரிந்தது. யெஸ் வங்கிக்குத் தடை விதிக்கப்பட்டு, வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஃபோன்பே அந்த வங்கியின் மூலமாக இயங்கிக்கொண்டிருந்ததால், யெஸ் வங்கியில் கணக்கே இல்லாத கோடிக்கணக்கானவர்களின் கைபேசியிலும் பணம் செலுத்துவது நின்றுபோனது. அன்றைக்குச் சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு வைத்திருந்தவருக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நோட்டுக்குப் பொறுப்பு ரிசர்வ் வங்கி. நடுவில் எந்த வங்கியும் இல்லை. நோட்டுக்கு இருக்கும் அந்த நேரடிப் பொறுப்பை டிஜிட்டல் உலகத்துக்கும் கொண்டுவருவதே மத்திய வங்கி டிஜிட்டல் நாணயம் என்ற கருத்தின் உயிர். யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இரண்டே இரண்டு தனியார் செயலிகளின் வழியே போகும் ஒரு நாட்டில், பொதுப்பணத்துக்கென்று ஒரு டிஜிட்டல் வழி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த எண்ணம் மக்கள் கைக்கு வந்து சேர்ந்த வடிவம் என்ன? பணப்பையைத் திறக்க ஸ்மார்ட்போன் வேண்டும். வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும். பணப்பையில் பணம் நிரப்ப வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கிலிருந்து எடுத்து நிரப்பினால், செயலியில் நோட்டுகளும் நாணயங்களும் மதிப்பு வாரியாக வரிசையாகத் தெரியும். பிறகு மளிகைக் கடைக்குப் போய், அங்கே ஒட்டியிருக்கும் அதே யுபிஐ க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறோம். டிஜிட்டல் ரூபாய்ப் பணப்பை வைத்திராத கடைக்காரருக்கு அது வழக்கமான வங்கி வரவாகவே போய்ச் சேர்கிறது. அதாவது, ரிசர்வ் வங்கியின் பணம் கணக்கிலிருந்து புறப்பட்டு, ஒரே ஒரு கை மாறி, மறுபடியும் வங்கி வைப்பாகிவிடுகிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஜிபேயில் அடித்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிகிற வித்தியாசம் ஒன்றே ஒன்று: கணக்கில் கிடந்திருந்தால் கொஞ்சமாவது வட்டி வந்திருக்கும், பணப்பையில் அது கிடையாது. ரொக்கத்தின் குறையான வட்டியின்மையும், யுபிஐயின் குறைகளான இணையத் தேவை, கணக்குத் தேவை, தடம் பதிதல் ஆகியவையும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. இரண்டின் நிறைகளில் இதற்கே உரியது என்று எதையும் சாதாரண வாடிக்கையாளருக்குக் காட்ட முடியவில்லை.

நைஜீரியாவின் அனுபவத்தை நம் நாட்டில் இதைத் தீர்மானிப்பவர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். 2021 அக்டோபர் 25 அன்று அதிபர் முகமது புகாரி இ-நைராவைத் தொடங்கிவைத்தார். ஆப்பிரிக்காவிலேயே முதலாவது என்ற பெருமையோடு வந்தது அது. வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்காக என்று பேசப்பட்ட திட்டம், முதல் கட்டத்தில் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கே திறந்தது. ஓராண்டு கழித்து சர்வதேச நிதியத்தின் ஆய்வுத்தாள் ஒன்று கணக்கெடுத்தபோது, பதிவிறக்கிய பணப்பைகளில் 98.5 சதவீதம் எந்த ஒரு வாரத்திலும் ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை என்று தெரிந்தது. மூன்று சக்கர வண்டிகளில் இ-நைராவில் கட்டணம் கொடுத்தால் ஐந்து சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்துப் பார்த்தார்கள். நிலைமை பெரிதாக மாறவில்லை. அதன் பிறகு வந்ததுதான் கொடுமை. 2022 அக்டோபரில் நோட்டுகளின் வடிவத்தை மாற்றுவதாகவும், பழைய 200, 500, 1,000 நைரா நோட்டுகள் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு செல்லாது என்றும் மத்திய வங்கி அறிவித்தது. புதிய நோட்டுகள் போதிய அளவு வரவில்லை. 2023 ஜனவரி, பிப்ரவரியில் ஏடிஎம் வாசல்களில் மக்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தார்கள். சில நகரங்களில் வங்கிக் கிளைகள் தாக்கப்பட்டன. மார்ச் 3 அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பழைய நோட்டுகள் ஆண்டு இறுதிவரை செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகே மூச்சு வந்தது.

ரொக்கமே கிடைக்காத அந்த வாரங்களில் மக்கள் எங்கே போனார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. இ-நைரா பணப்பைகளின் எண்ணிக்கை அப்போது உயரத்தான் செய்தது. ஆனால் அன்றாடப் புழக்கத்தில் மக்கள் நம்பியது ஓபே, பால்ம்பே, மணிபாயிண்ட் போன்ற தனியார் சேவைகளையும், கமிஷன் பிடித்துக்கொண்டு நோட்டு கொடுத்த தெருமுனை முகவர்களையும்தான். நோட்டுகள் திரும்பி வந்ததும் இ-நைரா பழைய இடத்துக்கே போய்விட்டது. நாட்டின் ரொக்கப் புழக்கத்தில் ஒரு சதவீதத்தைக்கூட அது எட்டவில்லை. இதைவிடக் கடுமையான சோதனையை யாரும் திட்டமிட்டுக்கூட நடத்த முடியாது. மாற்றுப் பணத்தையே பறித்துவிட்ட பிறகும், மக்கள் தங்களுக்கு வேலைக்கு ஆகாத அரசுப் பணத்தை நிலையாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். யுபிஐயும் முதல் நாளே ஓடவில்லையே, டிஜிட்டல் ரூபாய்க்கும் காலம் கொடுக்க வேண்டாமா என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். யுபிஐ 2016-இல் வந்தது. நவம்பர் 8 இரவு புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாமல் போனது. அந்த நவம்பரில் யுபிஐ பரிவர்த்தனைகள் சுமார் மூன்று லட்சம். டிசம்பரில் ஏறத்தாழ 20 லட்சம். அடுத்த ஆண்டு டிசம்பரில் 14 கோடியைத் தாண்டியது. நோட்டுகள் திரும்பி வந்த பிறகும் வளர்ச்சி நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம், ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு, நள்ளிரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும், ஐஎஃப்எஸ்சி எண் தேடாமல், கட்டணம் இல்லாமல், நொடியில் பணம் அனுப்பும் வழி அதற்கு முன் சாதாரண மனிதருக்கு இல்லை. உண்மையான ஒரு குறையை அது தீர்த்தது. நைஜீரியாவிலும் அதே ரொக்கத் தட்டுப்பாடு வந்தது, இ-நைரா நிலைக்கவில்லை. நாடு முழுக்க க்யூஆர் அட்டைகள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்க, 2023 முதல் அவற்றையே பயன்படுத்திக்கொள்ளும் வசதியோடு, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிவரும் டிஜிட்டல் ரூபாய்க்குக் காலம் போதவில்லை என்று சொல்வது பொருந்தவில்லை. தீர்ப்பதற்கு ஒரு குறை வேண்டும். அதைத்தான் இன்னும் அது தேர்ந்தெடுக்கவில்லை.

மற்ற நாடுகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. உலகிலேயே முதலில், 2020 அக்டோபரில், நாடு முழுக்க மத்திய வங்கி டிஜிட்டல் நாணயம் வெளியிட்ட பஹாமாஸில் அதன் பங்கு மொத்தப் புழக்கத்தில் ஒரு சதவீதத்தைத் தொடாததால், வங்கிகள் அதை விநியோகித்தே தீர வேண்டும் என்று விதி கொண்டுவரப் போவதாக அந்நாட்டு மத்திய வங்கி 2024-இல் சொன்னது. ஜமைக்காவில் முதலில் சேர்ந்தவர்களுக்கு அன்பளிப்பாகப் பணமே போட்டார்கள். சீனா குலுக்கல் முறையில் சிவப்பு உறைப் பரிசுகள் கொடுத்தது. சாங்ஷு நகரில் அரசு ஊழியர்களின் சம்பளத்தையே 2023 மே முதல் டிஜிட்டல் யுவானில் கொடுத்தது. வாங்கியவர்களில் பலர் அதை உடனே வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. 2022 இறுதியில் புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் யுவான் 1,361 கோடி. ரொக்கத்தில் அது 0.13 சதவீதம். கடைசியில் 2026 ஜனவரி முதல் டிஜிட்டல் யுவானுக்கு வட்டி கொடுக்கும் நிலைக்குச் சீனா வந்திருக்கிறது. வட்டி தரும் பணம் வங்கி வைப்பின் உறவினர். ரொக்கமாக இருக்கும் முயற்சியைச் சீனா பாதியிலேயே கைவிட்டது என்றே இதை நான் படிக்கிறேன். அலிபேயும் வீசாட் பேயும் ஆளும் சந்தையில் அவற்றைப் போலவே இன்னொன்றாக நின்றால் வேறு என்ன செய்ய முடியும்? நம் நாட்டில் யுபிஐ இருக்கிறது. அதன் நிழலில் இரண்டாவது யுபிஐ தேவையில்லை.

அப்படியானால் தேவைப்படுவது எது? யுபிஐ எட்டாத இடங்களில் ரொக்கம் செய்கிற வேலை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. அந்த நாட்களில் பால், மெழுகுவர்த்தி, ஜெனரேட்டருக்கு டீசல், தார்ப்பாய் எதை வாங்கவும் நோட்டு வேண்டும். ரொக்கத்தை ஏறக்குறைய மறந்தேவிட்ட சுவீடன், 2024 நவம்பரில் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்கால வழிகாட்டியில், ஒரு வாரத்துக்குப் போதுமான ரொக்கத்தைப் பல மதிப்புகளில் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. டிஜிட்டல் பணம் தானாகவே உறுதியானது என்ற நம்பிக்கைக்கும் கிழக்குக் கரீபியத் தீவுகள் பதில் சொல்லிவிட்டன. அங்கே டிகேஷ் என்ற மத்திய வங்கி நாணயம், ஒரு மின்னணுச் சான்றிதழின் காலாவதித் தேதி தாண்டிவிட்டதால் 2022 ஜனவரியில் படுத்தது. எழுந்திருக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆனது. ஒரு மத்திய வங்கியின் பணம் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் நின்றுபோனது.

இணையம் இல்லாமலே இயங்கும் டிஜிட்டல் ரூபாயைக் கொண்டுவரப் போவதாக ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தது. திட்டம் முழுவதிலும் மிக முக்கியமான பகுதி இதுதான். ஆனால் ஓரத்தில் ஒரு கூடுதல் வசதியாகவே பேசப்படுகிறது. செய்ய முடியாததும் இல்லை. ஒரு அட்டையிலோ சாதாரண போனிலோ உள்ள பாதுகாப்பான சில்லுக்குள் பணத்தின் மதிப்பு இருக்கும். இரண்டு கருவிகளை அருகில் வைத்தால் ஒன்றில் கழிந்து மற்றதில் கூடும். பிறகு எப்போதாவது இணைப்புக் கிடைக்கும்போது மத்தியப் பதிவேடு சரிபார்த்துக்கொள்ளும். ஆபத்து ஒன்று உண்டு: சில்லை உடைத்து ஒரே பணத்தை இருமுறை செலவழிக்கப் பார்ப்பார்கள். அதனால்தான் இதில் வைத்திருக்கும் தொகைக்கு வரம்பு வேண்டும். யுபிஐ லைட் எக்ஸ் இதைச் செய்கிறதே என்று கேட்கலாம். அதற்கும் வங்கிக் கணக்கு வேண்டும், அதற்கேற்ற போனும் வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து ஆவணம் சரியாக இல்லாமல் கட்டட வேலை செய்பவருக்கும், மகனின் போனை நம்பியிருக்கும் பாட்டிக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அது உதவாது. ஃபின்லாந்தின் மத்திய வங்கி 1993-லேயே அவாந்த் என்ற அட்டையை இந்த வழியில் வெளியிட்டது. அன்று அது நிலைக்கவில்லை, 2006-இல் முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல என்பதற்கு அது சாட்சி.

இதைவிடப் பெரிய குணம் ஒன்று ரொக்கத்துக்கு உண்டு. யார், எப்போது, எதற்காகக் கொடுத்தார் என்று நோட்டு யாரிடமும் சொல்லாது. ஐரோப்பிய மத்திய வங்கி டிஜிட்டல் யூரோ பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டு 2021-இல் முடிவை வெளியிட்டபோது, பதில் சொன்னவர்களில் 43 சதவீதம் பேர் அந்தரங்கமே மிக முக்கியம் என்றார்கள். வேறு எந்தக் குணமும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை. இது ஐரோப்பியர்களின் கவலை மட்டும் என்று ஒதுக்க முடியாது. வீட்டில் ஒரே போன், ஒரே கணக்கு இருக்கும் குடும்பத்தில், பிறந்த வீட்டுக்குக் கொடுத்த இருநூறு ரூபாயும் மருத்துவரிடம் போன செலவும் கணவரின் குறுஞ்செய்தியில் வந்து நிற்காமல் இருப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் 2022 கருத்துருவே சிறு தொகைகளுக்கு ரொக்கம் போன்ற மறைவு வேண்டும் என்பதை ஏற்கிறது. சட்டத்தின் மூலமோ, பரிவர்த்தனைப் பதிவுகளை நிரந்தரமாக அழிக்கும் தொழில்நுட்பத்தின் மூலமோ அதைச் செய்யலாம் என்று அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸே 2024-இல் பேசினார். பேச்சு இன்னும் சட்டமாகவில்லை.

கறுப்புப் பணத்துக்குக் கதவு திறப்பதா என்ற எதிர்ப்பு உடனே வரும். அது பொறுப்பான கேள்வி. ஆனால் ரொக்கத்துக்கே இன்று வரம்புகள் இருக்கின்றன. இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனையில் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. வங்கியில் பெரிய தொகையை ரொக்கமாகச் செலுத்தினால் பான் எண் கேட்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் மட்டும் தடமில்லாமல் செல்லும் ஒரு டிஜிட்டல் பணத்தை வைத்து யாரும் கறுப்புப் பணம் சேர்க்க முடியாது. ஐந்நூறு ரூபாய் நோட்டுக் கட்டுகள் அதற்கு எவ்வளவோ வசதி. காய்கறிக்காரரிடம் கொடுக்கும் அறுபது ரூபாயைக் கண்காணித்துத்தான் ஊழலை ஒழிக்க வேண்டும் என்றால், அந்த ஒழிப்பு தவறான வாசலில் நிற்கிறது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. மக்கள் தாமாக வராத நிலையில், டிஜிட்டல் ரூபாய்க்கு நிபந்தனை கட்டலாம் என்ற வசதி அதன் பெரிய சிறப்பாக முன்வைக்கப்படுகிறது. இன்ன பொருள் வாங்க மட்டும், இன்ன தேதிக்குள், இன்ன கடையில் என்று பணத்துக்குள்ளேயே விதி எழுதிவிடலாம். ஒடிசாவிலும் ஆந்திராவிலும் குத்தகை விவசாயிகளுக்குப் பாரத ஸ்டேட் வங்கி இப்படிக் கடன் கொடுத்துப் பார்த்திருக்கிறது. நோக்கம் நல்லது என்பதை மறுக்க மாட்டேன். பட்டா தன் பெயரில் இல்லாத குத்தகைதாரருக்கு வங்கிக் கடன் எட்டாக்கனி. பணம் விதைக்கும் உரத்துக்கும்தான் போகிறது என்று உறுதியானால் வங்கி துணிந்து கொடுக்கும். மானியம் கைநழுவிப் போகாமல் தடுக்கலாம் என்ற வாதத்திலும் பொருள் உண்டு. ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலி கொடுக்க வேண்டிய நாளில் உரக்கடையில் மட்டும் செல்லும் பணத்தை வைத்து அந்த விவசாயி என்ன செய்வார்? கடைக்காரரிடமே போய், உரம் வாங்கியதாக ஒரு பரிவர்த்தனை போட்டு, கமிஷன் போக மிச்சத்தை நோட்டாக வாங்கிக்கொள்வார். நிபந்தனை எங்கே வருகிறதோ அங்கே அதை விலைக்கு விற்பவர் முளைப்பார். அந்தக் கமிஷன் ஏழையின் பையிலிருந்துதான் போகும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: எந்த உயரதிகாரியின் சம்பளமும், எந்த நிறுவனத்துக்குத் தரும் வரிச்சலுகையும் இப்படி விதி எழுதிய பணமாக வரப்போவதில்லை. ரேஷனையும் உதவித்தொகையையும் நம்பியிருப்பவர்கள்தான் முதலில் இதற்குள் வருவார்கள், ஏனென்றால் வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியாது. ரூபாய் என்றால் எல்லோர் கையிலும் ஒரே ரூபாயாக இருக்க வேண்டும். கொடுக்கும் திட்டத்துக்கு விதி வைக்கலாம். பணத்துக்கு வைக்கக் கூடாது.

அதே நலத்திட்டங்களில் டிஜிட்டல் ரூபாய் உண்மையாகவே உதவக்கூடிய இடமும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, முதல் மாதத்து ஆயிரம் ரூபாயிலிருந்தே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அபராதத்தைப் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டி வந்தது. அரசு கொடுத்த பணம் பெண்ணின் கையைத் தொடும் முன் வங்கியின் பழைய கணக்கில் வரவாகிவிட்டது. வங்கிக் கணக்கோடு பிணைக்காத ஓர் அட்டையில், ரிசர்வ் வங்கியின் பணமாக, எந்த நிபந்தனையும் இல்லாமல் அந்த ஆயிரம் வந்திருந்தால் யாரும் அதில் கைவைத்திருக்க முடியாது. கூட்டம் நிற்கும் ஏடிஎம் தேடி அலையாமல், கைரேகை பதியவில்லை என்ற பதிலும் கேட்காமல், நேரே கடையில் செலவழிக்கலாம். நிபந்தனைப் பணத்துக்காகச் செலவிடும் உழைப்பை இதற்குத் திருப்பினால் டிஜிட்டல் ரூபாயை மக்கள் தாமாகக் கேட்டு வாங்குவார்கள் என்று நான் நம்புகிறேன்.

நோட்டு அச்சிடும் செலவு மிச்சமாகும் என்ற வாதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2024–25-இல் அந்தச் செலவு சுமார் 6,373 கோடி ரூபாய். தொகை பெரிதாகத் தோன்றினாலும் 36.86 லட்சம் கோடி ரூபாய் நோட்டுகள் புழங்கும் நாட்டில் நூறு ரூபாய்க்கு இருபது காசுகூட ஆகவில்லை. சிறு கடைக்காரர் வரை யாருக்கும் கட்டணமில்லாத, மின்வெட்டிலும் செல்லும் ஒரு பொதுச்சேவைக்கு அது நியாயமான செலவு. வெளிநாட்டு ஸ்டேபிள்காயின்கள் நம் பணத்தை விழுங்கிவிடும் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. எல்லை தாண்டும் பணத்தில், வங்கிகளுக்கு இடையிலான தீர்வில், அது தனியாக ஆராய வேண்டிய விஷயம். ஆனால் தெருக்கோடிக் கடையில் டீ வாங்குபவர் டாலர் நாணயத்துக்கு ஓடப்போவதில்லை. மக்கள் வைப்பை எல்லாம் எடுத்து டிஜிட்டல் ரூபாயாக்கிவிட்டால் வங்கிகள் கடன் கொடுக்க எங்கே போகும் என்று கேட்பவர்களுக்கு, நான் மேலே சொன்ன வரம்பே பதில். ஐரோப்பாவில் ஆளுக்கு 3,000 யூரோ என்ற அளவில் விவாதம் நடக்கிறது.

வழி தொழில்நுட்பத்தில் தொடங்கவில்லை, சட்டத்தில் தொடங்குகிறது. டிஜிட்டல் ரூபாய்க்கு இன்றைய சட்ட ஆதாரம் 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தோடு சேர்த்துச் செய்த ஒரு திருத்தம்தான். ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் நோட்டு என்பதற்கான வரையறையில் டிஜிட்டல் வடிவமும் அடங்கும் என்று சேர்த்தார்கள். ரொக்கம் தொடர்ந்து கிடைக்குமா, யார் பதிவைப் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், பணத்துக்கு நிபந்தனை போடலாமா என்பதைப் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒரு சொல் இல்லை. ஐரோப்பிய ஆணையமோ 2023 ஜூனில் டிஜிட்டல் யூரோவுக்கான வரைவையும், ரொக்க யூரோவைக் கடைகள் மறுக்காமல் இருக்க ஒரு வரைவையும் ஒன்றாகவே முன்வைத்தது. நம் நாடாளுமன்றமும் டிஜிட்டல் ரூபாய்க்கென்று தனிச் சட்டம் விவாதித்து இயற்ற வேண்டும். ஒரு வரம்புக்குள் கணக்கும் இணையமும் இல்லாமல் அது செல்ல வேண்டும். அந்த வரம்புக்குள் பதிவு கூடாது. நிபந்தனை கட்டுவதற்கு இடமே இருக்கக் கூடாது. நோட்டும் நாணயமும் குறையக் கூடாது. பரிவர்த்தனை எண்ணிக்கைக்கு இலக்கு வைப்பதை ரிசர்வ் வங்கி அதுவரை நிறுத்திவைக்கட்டும். இதற்கிடையில் எந்த மாநில அரசாவது ஓர் உதவித்தொகையை டிஜிட்டல் ரூபாயில் தர முடிவுசெய்தால், 'எனக்கு இது வேண்டாம், ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலோ தாருங்கள்' என்று டிக் செய்வதற்கு ஒரு கட்டத்தை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.